பேர் சொல்லி ஜெபம்

வேண்டாவின் இட்லிக் கடையில் சாப்பிட வருகிறவர்கள் வடகறியில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடுவார்கள். சொந்தக் கஷ்டத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஜெபம் பண்ணிவிடுவாள் என்று பயம்.

"இன்னாண்ணே, மூஞ்சி வாடிக் கீது?" என்று கேட்பாள். பொண்டாட்டி கோவிச்சுகினு அம்மா வூட்டுக்குப் போயிட்டா என்று அந்த ஆள் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். கரண்டியைக் கீழே வைக்காமலே கண்ணை மூடிக்கொள்வாள். "அவுங்க பேரு இன்னாண்ணே? பேர் சொல்லி ஜெபிச்சாத்தான் நேராப் போய்ச் சேரும்." கழுத்தில் அடையாள அட்டை தொங்க கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கான்ட்ராக்ட் ஆட்கள் இட்லியைப் பிய்த்தபடியே அவன் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடை சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகும் தெருவின் முனையில் இருந்தது. முன்பக்கம் தகரச் சரிவு, பின்பக்கம் வீடு. கடல்காற்றில் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகி, மழை நாளில் இட்லிக் குண்டான் மேல் குடை பிடிக்க வேண்டியிருக்கும். வேண்டாவுக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை. படாளத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நாலாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். இனிமேல் பெண் வேண்டாம் என்று வைத்த பெயர்தான் வேண்டா. ஞானஸ்நானம் எடுத்த அன்று பாஸ்டர் குமார் அவளுக்குத் தெபொராள் என்று பெயர் வைத்தார். சபையில் யாராவது "தெபொராள் சிஸ்டர்" என்று கூப்பிட்டால், இத்தனை வருஷம் கழித்தும் அவள் முகம் ஒரு கணம் மலரும்.

பொட்டு, பூ, கம்மல், வளையல் எல்லாவற்றையும் அந்த வருஷமே விட்டுவிட்டாள். தாலியை மட்டும் புருஷன் சடையப்பன் கழற்ற விடவில்லை. "நா இன்னும் சாவலம்மே" என்றான். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சபைக்கு வரமாட்டான். அவளைத் தடுக்கவும் மாட்டான்.

ஒரே மகள் பூங்கொடி பன்னிரண்டாவது படித்தாள். பிள்ளைகளைப் பிரம்பால் திருத்த வேண்டும் என்று பாஸ்டரம்மா தாய்மார்களுக்குப் போதிப்பார். சபை வீடுகளில் வேத வசனக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் பிரம்பு தொங்கும். வேண்டா வீட்டில் பிரம்பு கிடையாது. படாளத்தில் தான் வாங்கிய அடி போதும் என்று நினைத்தவள் அவள். அவளுக்கு வேறு வழி இருந்தது. சாயங்காலம் விளக்கு போட்டதும் பாய் விரிப்பாள். தாயும் மகளும் எதிரெதிரே முழங்கால் போடுவார்கள்.

"இன்னிக்கு இன்னா நடந்துச்சு? சொல்லு கண்ணு. அம்மாகிட்ட சொன்னா அடியும் இல்ல, திட்டும் இல்ல."

பூங்கொடி சொல்லுவாள். திருடித் தின்ற மாங்காய், பார்த்து எழுதிய பரீட்சை, டீச்சருக்கு வைத்த பட்டப்பெயர். வேண்டா கேட்டுவிட்டு அவள் தலையில் கை வைத்து ஜெபிப்பாள். அடுத்தது அவளுடைய முறை. மகளிடம் அவளும் தன் குற்றத்தைச் சொல்லுவாள். வெளியே சடையப்பன் ஆட்டோவைத் துடைத்தபடி, "கோர்ட்டு ஆரம்பிச்சிட்டாங்கப்பா, இன்னிக்கு யாருக்குத் தூக்கு?" என்பான். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அந்தப் பாயில்தான் வேண்டா தன் பெரிய குற்றத்தைச் சொன்னாள். கன்வென்ஷன் கூட்டத்தில் பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தபோது அவளுடைய சர்க்கரை நோய் போய்விட்டதாக மேடையேறிச் சாட்சி சொல்லியிருந்தாள். அந்த வாரம் பார்த்த ரத்தத்தில் சர்க்கரை குறைந்துதான் இருந்தது. வீடியோ எடுத்தார்கள். அச்சரப்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவள் கையைத் தங்கள் தலையில் வைக்கச் சொன்னார்கள். அதுவரை எந்த விசேஷத்திலும் ஒரு நாற்காலி கிடைக்காதவளுக்கு சபையில் முன்வரிசை நாற்காலி கிடைத்தது. கொஞ்ச மாதத்தில் தாகமும் தலைசுற்றலும் திரும்ப வந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். அன்றிலிருந்து மாத்திரையைப் பக்கத்துத் தையல் கடை ஹபீபாவின் நூல்கண்டு டப்பாவில் ஒளித்து வைத்து முழுங்கி வந்தாள்.

"சபைல தெரிஞ்சா நா செத்தேன் கண்ணு. யாருக்கும் சொல்லாத."

"நா ஏன்மா சொல்றேன்?" என்றாள் பூங்கொடி.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், கடை மூடியபின் இரண்டு பேரும் உட்கார்ந்து மறுநாளைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. பூங்கொடி உரித்த வெங்காயத்தையே திரும்பத் திரும்ப உரித்தாள்.

"இன்னாடி, வெங்காயத்துக்குள்ள இன்னா தேடுற?"

"ஒண்ணு சொல்லணும்மா. சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

ஆண்டு விழாவில் தோழி சிநேகா அவளைப் பிடித்து உட்காரவைத்து ஜிமிக்கி மாட்டி, பொட்டு வைத்து, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது வேறு யாரோ போல இருந்தது. சிநேகாவின் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தை இவளே வீட்டுப் போனுக்கு வாங்கி, கூடப்படிக்கும் பாலாவுக்கு அனுப்பிவிட்டாள்.

"அவன் இன்னா சொன்னான்?"

"சூப்பரா கீறன்னு சொன்னான். அவ்ளோதாம்மா. அப்பால பயமா ஆயிட்சி."

வேண்டாவின் கை நின்றது. பூவும் பொட்டும் நகையும் அவளுக்கு விட்டொழித்த பழைய சேறு. தன் மகள் அந்தச் சேற்றில் நின்று, அதைப் படம் பிடித்து, ஒரு பையனுக்கும் காட்டியிருக்கிறாள். ஆனாலும் அவள் கை ஓங்கவில்லை. வெங்காய வாசனைக் கையால் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்ட இல்ல? போதும். அம்மா பாத்துக்கறேன்."

பூங்கொடி அன்றைக்கு மூன்று தட்டு சோறு தின்றாள்.

வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம். பெண்கள் பட்டினியிருந்து வந்து உட்காருவார்கள். ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்ல, பாஸ்டரம்மா மைக்கில் பேர் சொல்லி ஜெபிக்க, எல்லாரும் சேர்ந்து அழுவார்கள். தெருவில் போகிறவர்களும் கேட்டு மனம் திரும்பட்டும் என்று கூரைமேல் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் அந்த நேரம் முழுக்கப் பாடும். வேண்டா நகர்ந்து நகர்ந்து பாஸ்டரம்மாவின் பக்கத்தில் போனாள்.

"எம் பொண்ணு ஒரு படம் எடுத்து ஒரு பையனுக்கு அனுப்பிட்டாம்மா. பாலான்னு கூடப் படிக்கிறவன்."

"இன்னா படம் சிஸ்டர்?"

வேண்டாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. தெபொராள் சிஸ்டரின் மகள் பூ வைத்துப் பொட்டு வைத்தாள் என்று எப்படிச் சொல்லுவாள்?

"அத்த வாயால சொல்லக் கூடாதும்மா. நம்ம புள்ளைங்க நிக்கக் கூடாத கோலம்."

பாஸ்டரம்மாவின் கண் விரிந்தது. மேற்கொண்டு கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டார். மைக்கைக் கையில் எடுத்தார்.

"ஆண்டவரே, எங்க மகள் பூங்கொடிக்காக வர்றோம்! தெபொராள் சிஸ்டரோட மகள் பூங்கொடி! சொல்லவே வாய் கூசுற அந்தப் படத்தை, அந்த பாலான்ற பையனோட போனிலிருந்து இப்பவே அழிச்சுப் போடும் தகப்பனே! எவன் எவன் கைக்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் அழிச்சுப் போடும்!"

அத்தனை பெண்களும் கதறினார்கள். தன் மகளுக்காக இவ்வளவு பேர் அழுகிறார்களே என்று வேண்டாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லாரையும் விட உரக்க அவள்தான் அல்லேலூயா சொன்னாள்.

ஸ்பீக்கர் சத்தம் ஆட்டோ ஸ்டாண்டு தாண்டி, மீன் மார்க்கெட்டு தாண்டி, பள்ளிக்கூடத்து மைதானம் வரை போயிற்று.

ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த சடையப்பனிடம் ஒருத்தன் வந்து குனிந்தான். "அண்ணாத்த, தப்பா எடுத்துக்காத. நம்ம பாப்பா படம் எவன்கிட்டயோ மாட்டிகிச்சாமே. துணி கிணி இல்லாமலா?"

இன்னொருத்தன் பின்னாலிருந்து, "நமக்கு வந்தா நாம அழிச்சிருவோம் மச்சான், பாத்துட்டு" என்றான். சிரிப்பு எழுந்தது.

சடையப்பன் கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். ஆட்டோவை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. பூங்கொடி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. விறகுக் குவியலிலிருந்து சவுக்குக் கட்டை ஒன்றை உருவி அடித்தான். பதினேழு வயது வரை அடி அறியாத பெண், எப்படிக் குனிவது, எங்கே கையை மறைப்பது என்று தெரியாமல் நிமிர்ந்து நின்றே வாங்கினாள். கட்டை ஒடிந்த பிறகுதான், "காட்டுடி அந்தப் படத்த" என்றான்.

அவள் வீங்கிய விரலால் போனைத் தடவிக் காட்டினாள். ஜிமிக்கி, பொட்டு, மல்லிகைப்பூ. பல் தெரிந்த சிரிப்பு.

சடையப்பன் அதைப் பார்த்தான். திரும்பப் பார்த்தான். "இதுவா?" என்றான். "இதுக்கா?" ஒடிந்த கட்டை கையில் இருக்க, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எங்கம்மா மாதிரியே கீறியேடி."

கொஞ்சம் கழித்து எழுந்தான். "வா, ஸ்டாண்டுல அத்தினி பேருக்கும் காட்டுறேன்."

"வேணா நைனா. காட்டுனா, அது வேற, இது வேறன்னுவாங்க."

அவன் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பாலாவைச் சுற்றிக்கொண்டார்கள். "காட்டுடா, காட்டுடா" என்றார்கள். உள்ளதைச் சொல்லியிருக்கலாம் அவன். ஒரு நாளில் தனக்குக் கிடைத்த மவுசு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. "டெலிட் பண்ணிட்டேன் மச்சான், பாவம்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினான். பெரிய டீச்சர் பூங்கொடியைக் கூப்பிட்டு, பேச்சு அடங்குகிறவரை வீட்டிலிருந்து படிக்கச் சொன்னார். அந்தப் படம் என்னவென்று அவரும் கேட்கவில்லை.

ஹபீபா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து வேண்டாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏக்கா, உனுக்கு மூள கீதா இல்லியா? பொட்டு வெச்சுகிச்சுன்னு சொல்லியிருந்தா ஊரே தூங்கியிருக்கும். வாயால சொல்லக் கூடாதுன்னா அவங்க வேற இன்னாத்த நெனப்பாங்க?"

"நா பொய் சொல்லல ஹபீபா. எனுக்கு அது சொல்லக் கூடாததுதான்."

"புள்ள முதுகப் பாத்தியா? கோடு கோடா கீது."

"நா அடிக்கல" என்றாள் வேண்டா. அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரு நாளும் அடிச்சதில்ல."

பூங்கொடி பாயில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் ஆனால் அரிசி களைவாள், பாத்திரம் தேய்ப்பாள். வேண்டா தனியாக முழங்காலில் நின்று கூப்பிடுவாள். ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நா இன்னாடி தப்பு பண்ணேன்? அத்தினி பேரு உனுக்காக அழுதாங்க. எனுக்கு யாருடி அழுதா? நாலாவது பொட்டன்னு தொட்டில்கூட கட்டல எனுக்கு."

"உங்கிட்டதானம்மா சொன்னேன்."

"நா ஆண்டவர்கிட்டதானடி சொன்னேன்."

பூங்கொடி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழம சபைல எழுந்து ரெண்டு வார்த்த சொல்லிடு கண்ணு. தப்பு பண்ணேன், ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு. ஒரு தடவ வாயத் தொறந்துட்டா அப்பால எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

"சரிம்மா" என்றாள் பூங்கொடி.

ஞாயிற்றுக்கிழமை சபையின் தகரக் கூரையில் மழை கொட்டியது. சாட்சி நேரம் வந்ததும் கூட்டம் முழுக்கப் பெண்கள் பக்கம் திரும்பியது. பூங்கொடி வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுப் போய் மைக்கை வாங்கினாள். வேண்டா முன்வரிசை நாற்காலியில் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் இப்போதே தண்ணீர்.

"எம் பேரு பூங்கொடி. என் படத்துக்காகப் பேர் சொல்லி ஜெபிச்ச எல்லாருக்கும் ஸ்தோத்திரம்." தாய் சாட்சி சொல்லும் அதே ராகம். "இன்னிக்கு எங்கம்மாவுக்காக ஒரு ஜெபக் குறிப்பு கீது. அவங்களுக்கு சுகர் போவல. ஆஸ்பத்திரி மாத்திரதான் முழுங்கறாங்க. பக்கத்துல ஹபீபாக்கா தையல் கடைல, நூல் டப்பாவுல ஒளிச்சு வெச்சுகினு முழுங்கறாங்க. உங்ககிட்ட சொல்லப் பயம் அவங்களுக்கு. அந்தப் பயம் போவணும். தெபொராள் சிஸ்டருக்காகப் பேர் சொல்லி ஜெபிங்க."

மைக்கைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பின்வரிசையில் ஒரு முனகல். தன் கணவனின் சர்க்கரை மாத்திரையை வேண்டாவின் சாட்சி கேட்டு நிறுத்திவிட்டு அவனையே இழந்த அச்சரப்பாக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். "ஏம்மா..." என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்டர் குமார் மைக்கை மூடிக்கொண்டு குனிந்தார். "சிஸ்டர், மாத்திரை சாப்புடறது குத்தம்னு நான் சொல்லலையே. அப்புறமா பேசிக்கலாம்" என்றார் மெதுவாக.

வேண்டாவுக்கு அது காதில் விழவில்லை. எழுந்து நின்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாற்காலியைப் பார்த்தாள். பாஸ்டர் கையிலிருந்த மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு சொன்னது மெய்தான். ஆண்டவர் அவ வாயால எங்கிட்ட பேசிட்டாரு. இந்த நிமிஷத்துலேர்ந்து ஒரு மாத்திர தொட மாட்டேன். தொட்டா நா அவரு புள்ள இல்ல."

முதலில் ஒருவர்தான் அல்லேலூயா என்றார். அப்புறம் எல்லாரும்.

பூங்கொடி இதை எதிர்பார்க்கவில்லை. அவமானம் எப்படியிருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியட்டும் என்றுதான் நினைத்தாள். அதற்கு மேல் அவள் யோசித்திருக்கவில்லை.

கார்த்திகை மாதம் வேண்டாவின் பாதத்தில் ஒரு சிலாம்பு ஏறியது. சடையப்பன் அடித்து ஒடித்த சவுக்குக் கட்டையின் சில்லு, அடுப்பு மூலையில் கிடந்தது. ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரையில் மரத்துப்போன காலில் வலி இல்லை. பூங்கொடிதான் தரையில் ஈரமாக இருந்த கறையைப் பார்த்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"எம்மா, மாத்திர போடும்மா. உங் கால்ல விழறேன்."

"எழுந்திரு கண்ணு. நீ கேட்ட ஜெபந்தான. கேட்டதத் திருப்பி வாங்கக் கூடாது."

கால் வீங்கியது. அந்தக் காலோடு நின்று இட்லி ஊற்றினாள். வடகறி வாசனையை மீறி இன்னொரு வாசனை வர ஆரம்பித்ததும் கான்ட்ராக்ட் ஆட்கள் வேறு கடைக்கு நாஸ்தா சாப்பிடப் போய்விட்டார்கள். ஹபீபா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். பூங்கொடி மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்தாள். ஒரு வாய் வைத்ததும் வேண்டா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, மகளின் உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

"புத்திசாலிடி நீ" என்று சிரித்தாள். "ஆனா எங்கிட்ட ஒளிக்க வராது உனுக்கு."

ஜுரத்தில் நினைவு தவறிய பிறகுதான் சடையப்பனால் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட முடிந்தது. மழையில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வரை ஓட்டினான். கால் விரல்களை எடுத்தார்கள். இன்சுலின் ஊசியில் நினைவு திரும்பியது. ஊசியைத் தடுக்க அவளுக்குத் தெம்பில்லை. மாத்திரை இல்லையே, ஊசிதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள் போலும்.

விரலோடு நிற்கவில்லை. சாயங்காலம் டாக்டர் சடையப்பனையும் பூங்கொடியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நாளைக் காலையில் முழங்காலுக்கு மேலே காலையே எடுக்க வேண்டும், அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். டாக்டர் போனபிறகு சடையப்பன் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னால ஆவாது. நீ போய்ச் சொல்லு" என்றான். "நீதான் எல்லாத்தயும் சொல்லுவியே."

பூங்கொடி வார்டுக்குள் போனாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவியிடம் வேண்டா பேசிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் குரல் எடுப்பாக இருந்தது.

"ஏம்மா இப்டி வுட்ட? மாத்திர கீத்திர போடறதில்லியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் கிழவி.

"போட்டுகினுதான் இருந்தேம்மா, திருட்டுத்தனமா. எம் பொண்ணுதான் சபைல அத்தினி பேரு முன்னால எழுந்து சொல்லி என்ன நிறுத்த வெச்சா. தோ, வர்றா பாரு. எம் பொண்ணு, பூங்கொடி! என்ன ஆண்டவர்கிட்ட திருப்புனவ!"

வார்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கிழவி அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிட்ட வா கண்ணு" என்று வேண்டா கை நீட்டினாள். வீட்டில் விளக்கு போடும் நேரம் அது. "முட்டி போட முடியல எனுக்கு. நீ சொம்மா உக்காரு. எத்தினி நாள் ஆச்சு நாம பேசி! இன்னிக்கு இன்னா நடந்துச்சு? சொல்லு."

பூங்கொடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போர்வைக்குள் தாயின் முழங்கால் அவள் தொடையில் இடித்தது. அதன்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் நடக்கலம்மா" என்றாள்.

வேண்டா மகளின் தலையில் கை வைத்தாள். கண்ணை மூடினாள். வார்டு முழுக்கக் கேட்கும் குரலில், அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தாள்.